ஏமாற்றியவர் வீட்டில் வெள்ளம் புகுந்தபோது

பணத்தை ஏமாந்தவர்களுக்குப் புத்தி சொல்ல ஊரில் ஆள் நிறைய இருக்கிறார்கள். போலீஸுக்குப் போ, வக்கீலைப் பார், போனது போகட்டும் விடு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆனால் நம்மை ஏமாற்றிய ஆளுக்கே ஒரு நாள் பெரிய அடி விழுந்து, தெரிந்தவர் எல்லாரும் போன் போட்டு "பார்த்தியா, கர்த்தர் கேட்டுட்டார்" என்று சொல்லும்போது என்ன செய்வது, கோர்ட்டில் நடக்கிற கேஸை என்ன செய்வது, மனசை எப்படிப் பிடித்து நிறுத்துவது என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. "உன் சத்துரு விழும்போது சந்தோஷப்படாதே" என்கிற நீதிமொழிகள் 24:17 எனக்கு ஞாயிறு பள்ளியிலிருந்தே மனப்பாடம். அது நிஜத்தில் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டது கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்துதான். இதே இடத்தில் இன்னொருத்தர் வந்து நிற்கும்போது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் பண விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறவள். வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு, கூட இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு தொழில். எங்கள் சபையிலேயே ஒரு அண்ணன் பல வருஷமாக ஏலச்சீட்டு பிடித்துக்கொண்டிருந்தார். மளிகைக் கடையும் வைத்திருந்தார். சபையில் பாதிப் பேர் அவரிடம் சீட்டுக் கட்டியவர்கள்தான், கல்யாணம், வீட்டு வேலை எல்லாம் அந்தப் பணத்தில் நடந்திருக்கிறது. நான் சேர்ந்தது 3 லட்ச ரூபாய்ச் சீட்டு, 20 பேர், 20 மாசம், தள்ளு (ஏலம் எடுத்தவர் விட்டுக்கொடுக்கிற தொகையில் நம் பங்கு) போக மாசாமாசம் கட்ட வேண்டும். பெண்ணை நர்ஸிங் சேர்க்க வேண்டும் என்பதற்காக ஏலம் கேட்காமல் கடைசி வரை விட்டு வைத்தேன். கடைசி ஆளுக்குக் கமிஷன் 15,000 போக 2,85,000 வர வேண்டும். 2023 நடுவில் சீட்டு முடிந்தது. அடுத்த வாரம், அடுத்த மாசம் என்று இழுத்து, கடைசியில் ஒரு செக் கொடுத்தார். அது கணக்கில் பணம் இல்லை என்று திரும்பி வந்தது. பெண்ணின் ஃபீஸுக்கு என் செயினையும் வளையலையும் அடகு வைத்தேன். அந்த வட்டி இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் இரண்டு மூன்று விஷயம் சொல்லியாக வேண்டும். சீட்டு பிடிப்பவர் 1982-ஆம் வருஷச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள், அவர் சபை மூப்பராக இருந்தாலும் சரி, சொந்த மாமாவாக இருந்தாலும் சரி. செக் திரும்பினால் பாங்கு ஒரு மெமோ தரும். அது கைக்கு வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் அவர் பணம் தரவில்லை என்றால், அதற்கடுத்த ஒரு மாசத்துக்குள் கோர்ட்டில் கேஸ் போட வேண்டும். சட்டப் பிரிவின் எண்ணை வைத்து இதை 138 கேஸ் என்பார்கள். "சபைக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் பேசுங்கள், ஆனால் இந்தத் தேதிகளை விட்டுவிட்டுப் பேசாதீர்கள். அப்புறம், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் கிடைக்கும். கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். எனக்கு இதைச் சொன்னது கோர்ட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு முஸ்லிம் பெண்மணி. என் சபையில் யாரும் சொல்லவில்லை.

பணம் போனதைவிட அந்தச் சமயத்தில் என்னைக் குத்தியது வேறு. சபையில் சிலர் என் காதுபட, "பெரிய தொகைக்கு ஆசைப்பட்டா, அதான் கர்த்தர் அடிச்சார்" என்றார்கள். பெண்கள் ஜெபக்கூட்டத்தில் எனக்காக ஜெபிக்கிறேன் என்று ஒரு அக்கா பொருளாசையைப் பற்றியே ஜெபித்தார். என் நஷ்டத்தில் அவர்களுக்கு ஏதோ ஒரு திருப்தி இருந்தது, தாங்கள் அந்தச் சீட்டில் மாட்டவில்லை என்கிற திருப்தியாகக்கூட இருக்கலாம். அடுத்தவர் விழுந்ததில் கொஞ்சம் இனிப்புத் தட்டுகிற முகம் எப்படி இருக்கும் என்று நான் கிட்டத்தில் பார்த்தேன், "அச்சச்சோ" என்று சொல்லும்போதே கண் மட்டும் பளபளப்பாக இருக்கும். அதனால் உங்களுக்கு இப்படி நடந்தால் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போகாதீர்கள். உங்களோடு அழக்கூடியவர் ஒருவர் இருவர் போதும். "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்று ரோமர் 12:15 சொல்கிறதே, அதைச் செய்கிற ஆள் யார் என்று கஷ்ட காலத்தில்தான் தெரியும்.

அப்புறம் 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல். புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது, எங்களுக்கு முதலில் மழையும் காற்றும்தான். அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து 1.5 லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, தென்பெண்ணை ஆறு கரைபுரண்டு ஓடியது. நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு பக்கமெல்லாம் தண்ணீர். அந்த அண்ணனின் கடையும் குடோனும் ஆற்றுப் பக்கம். மூட்டை மூட்டையாக அரிசி, பருப்பு, சர்க்கரை எல்லாம் போச்சு. வெள்ளம் வடிந்து கொஞ்ச நாளில் அவருக்குப் பக்கவாதம். வலது கை, வலது கால் விழுந்து, ஜிப்மரில் சேர்த்தார்கள்.

எனக்குச் செய்தி வந்தது ஒரு வீடியோவாக. யார் எடுத்ததோ தெரியவில்லை. அண்ணி கடைப்படியில் உட்கார்ந்து, ஊறிப் போன துவரம் பருப்பை முறத்தில் அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருக்கிறார், முழங்கால் வரை சேறு, யாரோ படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் முந்தானையால் முகத்தை மூடுகிறார். அதற்குக் கீழே, "விதைத்ததை அறுப்பான்" என்று வசனம். அதோடு சிரிக்கிற பொம்மை இரண்டு. அனுப்பியவர் சபை ஆள்தான்.

அதைப் பார்த்ததும் எனக்குள்ளே ஒரு சூடு இறங்கி வயிறு குளிர்ந்தது. ஒன்றரை வருஷமாகப் பாரமாக இருந்த நெஞ்சு லேசானது. இதை மறைத்து எழுதினால் யாருக்கும் உபயோகமில்லை. உங்களுக்கும் அப்படித்தான் வரும், வந்ததும் நான் கெட்டவள் என்று இடிந்து போகவும் வேண்டாம். பழைய காயத்தில் கை பட்டால் துடிப்பது மாதிரி அந்த முதல் உணர்ச்சி தன்னால் வருவது. அதற்கு நாற்காலி போட்டு உட்கார வைக்கிறோமா என்பதுதான் நம் கையில் இருப்பது. வேதத்திலும் "இருதயம் களிகூராதிருப்பதாக" என்றுதான் இருக்கிறது. களிகூருவதற்கு நேரம் வேண்டும், கூட நாலு பேர் வேண்டும், திரும்பத் திரும்பப் பேச வேண்டும். அந்த மூன்றையும் கொடுக்காமல் இருந்தால் அது வளராது. நான் முதலில் செய்தது அந்த வீடியோவை அழித்ததுதான். இரண்டாம் தடவை பார்க்கவில்லை, வீட்டுக்காரருக்கும் காட்டவில்லை. அனுப்பியவரிடம், "அக்கா, இந்த மாதிரி எனக்கு அனுப்பாதீங்க, அந்த அண்ணி பாவம்" என்று ஒரே வரி.

ஆனால் போன் நின்றபாடில்லை. இந்த இடத்தில் எனக்கு உதவியது 2 சாமுவேல் முதலாம் அதிகாரம். தாவீதைச் சவுல் ராஜா வருஷக்கணக்கில் கொல்லத் துரத்தினான். கில்போவா மலையில் சவுல் செத்தபோது ஒரு அமலேக்கியன் சவுலின் கிரீடத்தையும் கடகத்தையும் எடுத்துக்கொண்டு தாவீதிடம் ஓடி வருகிறான். ஏன் அவ்வளவு தூரம் ஓடி வந்தான்? நல்ல செய்தி கொண்டு வருகிறோம், ஏதாவது வெகுமானம் கிடைக்கும் என்று. நாலாம் அதிகாரத்தில் தாவீதே அதை வெளிப்படையாகச் சொல்கிறான். தாவீதோ வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் உபவாசம் இருந்து அழுதான், காத் ஊரிலே இதைச் சொல்லாதீர்கள், அஸ்கலோன் தெருக்களில் பரப்பாதீர்கள், எதிரிகளான பெலிஸ்தரின் பெண்கள் சந்தோஷப்பட்டுவிடுவார்கள் என்று பாட்டே பாடினான். எனக்கு போன் செய்தவர்கள் எல்லாரும் அந்த வெகுமானத்தைத்தான் எதிர்பார்த்தார்கள் என்று புரிந்தது. நான் "அப்படியா!" என்று குரலை உயர்த்தினால் போதும், அதுவே அவர்களுக்குக் கூலி. அந்தக் கூலியைக் கொடுக்கவில்லை என்றால் இரண்டாம் தடவை வர மாட்டார்கள். "ஐயோ, இப்போ எப்படி இருக்கார், சாப்பாட்டுக்கு என்ன பண்றாங்க?" என்று மட்டும் கேட்டேன். பாதிப் பேருக்கு அதற்குப் பதிலே தெரியவில்லை, பேச்சும் அங்கேயே முடிந்தது.

ஒரு அத்தை மட்டும் விடவில்லை. "உன் கண்ணீரைக் கர்த்தர் பார்த்தார், அதான் தண்ணியை அனுப்பினார்" என்றார். அவரிடம் நான் கேட்டேன், அதே தண்ணீர்தானே கண்டக்காட்டில் என் சித்தி வீட்டிலும் புகுந்தது, சித்தி யாருடைய சீட்டைத் தின்றாள்? 2004 டிசம்பர் 26 காலையில் தேவனாம்பட்டினத்தில் கடல் ஏறியதை இந்த ஊரில் மறந்தவர் இல்லை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் செத்தார்கள், அதில் எத்தனை குழந்தைகள். அப்போதும் இது தண்டனை என்று பேசியவர்கள் இருந்தார்கள், கிறிஸ்தவர்களிலும் இருந்தார்கள், பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் காதிலேயே அது விழுந்தது. சீலோவாமில் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டார், அப்படி இல்லை என்று அவரே பதிலும் சொன்னார் (லூக்கா 13). கர்த்தர் நியாயம் தீர்க்கிறவர் என்று நான் முழு மனசோடு விசுவாசிக்கிறேன். ஆனால் இந்த வெள்ளம், இந்த வியாதி இன்னாருக்கு இன்ன கணக்கு என்று சொல்வதற்கு நம்மிடம் அவருடைய கணக்குப் புத்தகம் இல்லை.

இன்னொருவர் சொன்னது என்னை ரொம்பவே யோசிக்க வைத்தது. நீதிமொழிகளில் அடுத்த வசனம், நீ சந்தோஷப்பட்டால் கர்த்தர் அதைக் கண்டு "அவனிடத்தினின்று தமது கோபத்தை நீக்கிவிடுவார்" என்று முடிகிறது. அதைக் காட்டி, "அதனால வாயை மூடிக்கோ, நீ சிரிச்சா அவனுக்கு அடி நின்னுடும்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். அடி இன்னும் விழட்டும் என்பதற்காகச் சிரிப்பை அடக்குவதும் அதே சிரிப்புதான், உள்பக்கமாகச் சிரிக்கிறோம், அவ்வளவே. எங்கள் ஆயர் ஐயாவிடம் போய்க் கேட்டேன். அந்த வசனத்தில் கர்த்தருடைய பார்வை சிரிக்கிறவன் மேல் திரும்புகிறது, அதைப் பார் என்றார், விழுந்தவனைவிட அவன் மோசமான இடத்தில் வந்து நிற்கிறான். சங்கீதம் 58-இல் பழிவாங்குதலைக் கண்டு நீதிமான் மகிழுவான் என்று இருக்கிறதே என்றும் கேட்டேன். ஒடுக்கப்பட்ட ஜனங்கள் விடுதலையானதற்குப் பாடுவது உண்டு, அநியாயம் நின்றது என்று நீயும் நிம்மதிப்படலாம், அந்த மனுஷனுடைய கை விழுந்ததற்கு நிம்மதிப்படுகிறாயா என்பதை மட்டும் உன்னையே கேட்டுக்கொள் என்றார். துன்மார்க்கனுடைய மரணத்தை விரும்பவில்லை, அவன் திரும்பிப் பிழைப்பதையே விரும்புகிறேன் என்று எசேக்கியேல் 33-இல் கர்த்தரே சொல்கிறார், அதையும் எடுத்துக் காட்டினார்.

இதையெல்லாம்விட என்னை உலுக்கியது பழைய ஏற்பாட்டில் இருக்கிற ஒபதியா புத்தகம். ஒரே அதிகாரம், அதிகம் பேர் படிக்க மாட்டார்கள். எருசலேம் விழுந்தபோது சகோதர ஜனமான ஏதோம் என்ன செய்தது என்று வரிசையாக எழுதியிருக்கிறது. முதலில் வெறுமனே பார்த்தார்கள். அடுத்து களிகூர்ந்தார்கள். அடுத்து உள்ளே புகுந்து ஆஸ்தியில் கை வைத்தார்கள். கடைசியில் வழிச்சந்தியில் நின்று, தப்பி ஓடி வருகிறவர்களை மறித்தார்கள். இதே வரிசையை நான் கடலூரில் என் கண்ணால் பார்த்தேன். வீடியோ எடுத்தார்கள், சிரித்தார்கள், நனையாத மூட்டைகளைப் பாதி விலைக்கும் கீழே கேட்டு வந்தார்கள், அப்புறம் என்னிடமே வந்து, "ஆள் படுத்திருக்கான், இதுதான் சமயம், வீட்டை எழுதி வாங்கு, கையெழுத்துப் போட முடியலைன்னா கைநாட்டு" என்றார்கள். சொன்னவர் எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். அடுத்தவர் துன்பத்தில் வருகிற சந்தோஷம் மனசோடு நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள், அது கைக்கு வேலை கேட்கும்.

அதற்காகக் கேஸை வாபஸ் வாங்கினேனா என்றால் இல்லை. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பக்கம் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள், "மன்னிச்சுட்டேன்னு சொல்றே, அப்புறம் என்ன கேஸ்?" என்று. அந்த 2,85,000 என் உழைப்பு, என் பெண்ணின் படிப்பு. என் பணத்தைக் கேட்பதும் அவர் படுத்திருப்பதைக் கொண்டாடுவதும் இரண்டு வேறு காரியம். செக் கேஸில் 2 வருஷம் வரைக்கும் ஜெயில் உண்டு, செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதமும் உண்டு. அவர் ஜெயிலுக்குப் போக வேண்டும் என்று முன்பு ராத்திரியெல்லாம் நினைத்திருக்கிறேன். இப்போது வக்கீலிடம், அவர் உடம்பு தேறும் வரை வாய்தா கேட்டால் நாம் எதிர்க்க வேண்டாம், லோக் அதாலத்துக்கு, அதாவது சமரசம் பேசி முடிக்கிற மக்கள் நீதிமன்றத்துக்கு, அனுப்பச் சொல்லிக் கேளுங்கள் என்றேன். இங்கே ஒரு எச்சரிக்கை. இரக்கப்பட்டு வாய்மொழியாக எதையும் விட்டுக்கொடுக்காதீர்கள், எவ்வளவு இறங்கினாலும் அது எழுத்தில், கோர்ட் வழியாக இருக்கட்டும்.

பார்க்கப் போகலாமா வேண்டாமா என்பதில்தான் எனக்கு அதிகக் குழப்பம். சங்கீதம் 35-இல் தாவீது, தன் எதிரிகள் வியாதியாக இருந்தபோது இரட்டு (துக்கத்துக்கு உடுத்துகிற சாக்குத் துணி) உடுத்தி உபவாசம் இருந்ததாகச் சொல்கிறான், அதைப் படித்துவிட்டுத்தான் துணிந்தேன். அவரை வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு போனேன். வாசலிலேயே அண்ணி, "எதுக்கு வந்தே, எப்படிக் கிடக்கார்னு பார்த்துட்டுப் போகவா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் தப்பே இல்லை, அதற்கு முன்னால் வந்துபோன பலர் அதற்காகத்தான் வந்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை, கொண்டு போன கஞ்சித் தூக்கைக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார். அண்ணனுக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார், விழுந்த கையைச் சட்டைக் கைக்குள் நுழைக்க முடியாமல் இழுக்க இழுக்க அவர் முனகினார். நான் தையல்காரி, என் கண் அங்கேதான் போனது. வீட்டுக்கு வந்து மெல்லிசு பருத்தித் துணியில், வலது பக்கம் தோளிலிருந்து கீழ் வரைக்கும் முழுக்கத் திறந்து, பொத்தானுக்குப் பதில் நாடா வைத்து, கையை நுழைக்காமலே மேலே போட்டுக் கட்டுகிற மாதிரிச் சட்டைகள் தைத்துக் கொடுத்தேன். அக்குளுக்குக் கீழே தையல் உறுத்தாமல் இருக்க மடிப்பை வெளிப்பக்கம் விட்டேன். அந்தச் சட்டையை வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் மேல் கோபப்பட எனக்கு முடியவில்லை, அளவும் துணியும்தான் மனசில் இருந்தது. ஜெபத்தில் கிடைக்காதது அன்றைக்கு எனக்குக் கத்தரியில் கிடைத்தது.

நீங்களும் போவதானால், அந்த வீட்டில் உண்மையில் எது தேவையோ அதை மட்டும் கொண்டு போங்கள். பணத்தைப் பற்றிப் பேசாதீர்கள், வசனம் சொல்லாதீர்கள், படுத்திருக்கிறவர் தலைமேல் கை வைத்துச் சத்தமாக ஜெபிக்காதீர்கள், போட்டோ வேண்டவே வேண்டாம். உங்கள் முகத்தைப் பார்ப்பதே அவர்களுக்கு வேதனை என்று தெரிந்தால் வேறு ஆள் மூலம் பொருளை அனுப்பிவிட்டு வீட்டில் இருங்கள், அதுவும் சரிதான். போய்வந்ததைச் சபையில் சாட்சியாகச் சொல்லாதீர்கள். என்னைச் சொல்லச் சொன்னார்கள், நான் எழுந்து அண்ணன் பெயரையும் அண்ணி பெயரையும் ஜெபக் குறிப்பில் சேர்க்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

2025-இல் லோக் அதாலத்தில் பேசி முடித்தோம். அசல் 2,85,000 மட்டும், வட்டி வேண்டாம் என்று விட்டேன், அவருடைய மகன் மாசம் 7,500 கட்டுவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டான். அங்கே போடுகிற உத்தரவுக்கு கோர்ட் தீர்ப்பு மாதிரியே பலம் உண்டு, அதன் மேல் அப்பீல் கிடையாது, அதனால் ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அந்தப் பையன் பெரும்பாலும் தேதி தவறாமல் கொண்டு வருகிறான், தாமதமானால் முந்தின நாளே போன் செய்து, "அத்தை, கடையில வசூல் வரலை, வெள்ளிக்கிழமை தரேன்" என்பான். நூறு பக்க நோட்டு ஒன்று போட்டிருக்கிறேன், தேதி, தொகை எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறோம், ஒரு பக்கத்தை போட்டோ எடுத்து அவனும் வைத்துக்கொள்கிறான். போன மாசம் வந்தபோது அப்பாவுக்கு இன்னும் இரண்டு சட்டை வேண்டும் என்றான், துணி அவனே வாங்கி வந்திருந்தான், தையல் கூலி எவ்வளவு என்று கேட்டான். கூலியை வாங்கிக்கொண்டேன், அந்த நோட்டில் சேர்க்காமல் தனியாக.